முன்பணம் கட்டிய பிறகு மனம் தடுமாறும் தம்பதி: சொத்து முகவர்களே, ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீடு விற்பனை முகவராக இருக்கிறேன். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) வளர்ந்த ஒரு தம்பதி முதல் வீடு வாங்குகிறார்கள். பழைய ஒற்றை மாடி வரிசை வீடு, விலை 240,000 ரிங்கிட். 3 விழுக்காடு முன்பணம் கட்டியாகிவிட்டது, உரிமையாளரும் ஏற்றுக்கொண்டார். 14 நாளில் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதில் பாதி போய்விட்டது.

இப்போது அந்த அக்காவுக்குத் தூக்கமே இல்லை. "அவசரப்பட்டுட்டோமா தம்பி?" என்று இரவில் அழைக்கிறார். ஈப்போவில் இருக்கும் மாமா விலை அதிகம் என்று சொன்னதிலிருந்துதான் இப்படி. பின்வாங்கினால் 7,200 ரிங்கிட் போய்விடும். தோட்டச் சம்பளத்தில் சேர்த்த பணம் அது.

அதே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அண்மையில் கைமாறிய வீடுகளின் விலையைக் காட்டினேன். மாதத் தவணையோடு நில வரி, மதிப்பீட்டு வரி (நகராண்மைக்குக் கட்டும் வீட்டு வரி) எல்லாம் கூட்டி எழுதிக் கொடுத்தேன். மழை நேரத்தில் கூட்டிப்போய்க் கூரை ஒழுகுகிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். சரி என்று போகிறார்கள், அப்புறம் மறுபடி அதே பயம். கமிஷனுக்காக அவர்களைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை; வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

இது வெறும் பயமா, இல்லை அந்த வீடே அவர்களுக்குப் பொருந்தவில்லையா என்று தெரிந்துகொள்ள, நீங்களாக இருந்தால் அவர்களிடம் என்ன கேட்பீர்கள்?