புகார் கொடுக்கப் போன அன்று உங்களுக்கு என்ன நடந்தது? நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

முக்கூடல்காரி:
தங்கைக்காகப் போனேன். மாப்பிள்ளைக்குக் குடி, நகையெல்லாம் அடகு, அப்புறம் அடி. அதை விரிக்கத் தேவையில்லை, இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். மகளிர் ஸ்டேஷனில் காலையிலேயே உட்கார வைத்தவர்கள் மதியச் சாப்பாடு முடிந்துதான் உள்ளே கூப்பிட்டார்கள். அதற்குள் அவனுக்கும் போன் போட்டு வரவழைத்துவிட்டார்கள். வந்தவனுக்கு நாற்காலி. இவள் ஒரு கண் வீங்கி மூடிப்போய், முந்தானையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, "இனிமே சண்ட போட மாட்டோம், ஒத்துமையா இருப்போம்னு ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்கிறார். ரெண்டு பேருமாம்! அடி வாங்கினவள் எதற்கு எழுதிக்கொடுக்க வேண்டும்? தங்கைக்குக் கை நடுங்கி, தன் பெயரையே தப்பாக எழுதினாள். அவன் தன் பேனாவை எடுத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, மூடியைத் திருகி, சட்டைப்பையில் குத்திக்கொண்டான். மனு கொடுத்ததற்கு ஒரு ரசீதுகூடத் தரவில்லை. மூடியைத் திருகின அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

பொருநைக்கரை:
முக்கூடல் அக்கா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் எல்லா ஸ்டேஷனும் இப்படித்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னைக் கைப்பிள்ளையோடு ராத்திரி வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி போனில் 181க்கு அடித்தேன். வந்த பெண் எஸ்.ஐ. ஒரு கேள்வியும் கேட்காமல் முதலில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனார். டூட்டி டாக்டர் மருந்து எழுதப் போனபோது, "மருந்து அப்புறம் சார். ஒவ்வொரு காயமா ஏ.ஆர். புக்குல எழுதுங்க. எதால அடிச்சான், எத்தன மணிக்கு, எல்லாம்" என்று பக்கத்திலேயே நின்றார். ஏ.ஆர். என்றால் அடிபட்டு வருகிறவர்களின் காயங்களைப் பதியும் ஆஸ்பத்திரிப் பதிவேடு. முதுகைக் காட்டக் கூசியபோது திரையை இழுத்துவிட்டு அவரே பிள்ளையை வாங்கிக்கொண்டார். பின்னால் கோர்ட்டில் என் மாமனார் "குளியலறையில வழுக்கி விழுந்தா" என்று சத்தியம் பண்ணினார். விளக்குமாற்றுக் கட்டையின் தடம் எங்கெங்கே, எத்தனை அங்குலம் என்று அந்தத் தாளில் இருந்தது. அந்த எஸ்.ஐ. எனக்கு அண்ணன் தம்பி செய்யாததைச் செய்தார்.

பாளை குமாஸ்தா:
என் அனுபவம் சின்னது. எங்க மைனியைக் கூட்டிக்கொண்டு போனபோது "குடும்ப விஷயம், பேசி முடிங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவுதான். வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறதால் சிலதைச் சொல்லியாக வேண்டும். மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவை வாங்கிப் பதிந்ததற்கான சீட்டு, இல்லாமல் வெளியே வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும், 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. வாங்க மறுத்தால் அதே புகாரை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். மாநகருக்குள் என்றால் கமிஷனர், வெளியே என்றால் எஸ்.பி. அதற்கும் அசையவில்லையா, மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. ஆனால் கணவன் மனைவி விவகாரத்தில் முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்று அதே தீர்ப்பில் ஒரு வழி விட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் 'கவுன்சிலிங்' என்று வாரக்கணக்கில் இழுக்கிறார்கள்.

இன்னொன்று. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு ஸ்டேஷனே தேவையில்லை. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில், சமூகநலத் துறையில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நடந்ததை எழுதி அவரே கோர்ட்டுக்கு அனுப்புவார். அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு இறக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் நின்றுவிட வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100க்குப் பேசுங்கள்.

சேரன்மகாதேவி அம்மா:
அண்ணாச்சி, சட்டமெல்லாம் சரி. அந்த உத்தரவு கைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். மனுவை 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று உங்கள் சட்டத்தில் இருக்கிறது. எனக்கு இடையில் ரெண்டு தீபாவளி போய்விட்டது. கடைசியில், புருஷன் வீட்டில் குடியிருக்கலாம் என்று உத்தரவு. உள்ளே போன அன்றே மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார்கள், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஸ்டேஷனில் சொன்னேன், ஒரு ஏட்டு வந்தார். என் மாமியார் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல தண்ணியப் பத்தி ஒண்ணும் எழுதலயேம்மா" என்றார். காலிக் குடத்தோடு நான் நின்றுகொண்டிருக்கிறேன். குடியிரு என்றால் தண்ணீர் இல்லாமலா குடியிருப்பது? திரும்பவும் வக்கீல், திரும்பவும் மனு, 'தண்ணீர், மின்சாரம், கழிப்பறை' என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்கினேன். மனு எழுதுகிறவர்கள் முதலிலேயே இதையெல்லாம் எழுதிவிடுங்கள்.

சாட்சிக் கையெழுத்து:
எங்கள் விஷயம் வேறு, ஆனாலும் அதே வெள்ளைத்தாள்தான். வேறு சாதிப் பையனைக் கல்யாணம் பண்ணின தோழி. மேஜர், மார்க் ஷீட் கையில் இருக்கிறது. பாதுகாப்புக் கேட்டுப் போனோம். வெளியே கார் கார்களாகச் சொந்தக்காரர்கள். "ஒண்ணும் செய்ய மாட்டார், உங்க அப்பாகிட்ட எழுதி வாங்கிட்டேன், போம்மா" என்றார் அதிகாரி. அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பெண் காவலர்கள் விரல் விரலாகப் பிரித்தார்கள். இப்படிச் சாதி மாறிக் கல்யாணம் பண்ணினவர்களைக் காப்பாற்றவென்றே ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. இது அதற்குப் பிறகு நடந்தது. அவள் படிப்பு அத்தோடு நின்றது, போன் நம்பரும் மாறிவிட்டது.

நாங்குநேரி புதுசு:
எல்லாம் வாசித்தேன். நான் இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். கட்டிக்கொடுத்தது தூத்துக்குடியில். கேஸுக்கு அங்கேதான் போகணுமா? அந்த ஊர்ப் பஸ் ஏறவே பயமாக இருக்கிறது.

பொருநைக்கரை:
வேண்டாம்மா. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே குடும்ப வன்முறை மனு போடலாம், 27ஆம் பிரிவு. நேரே கொக்கிரகுளம் போ. திங்கட்கிழமை என்றால் மனுநாள் கூட்டம் இருக்கும், வாசலில் பையைச் சோதித்துத்தான் விடுவார்கள், பதறாதே. வேறு நாளில் போனால் நிதானமாகப் பேசலாம். ஆதார், கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, கூட ஒருத்தரைக் கூட்டிப் போ. ஆள் இல்லையென்றால் சொல், நான் வருகிறேன்.