வீட்டில் அருமையாக இருக்கும் ஹை-கெயின் ட்யூப் ஆம்ப் சவுண்ட், பேண்டோடு வாசித்தால் காணாமல் போகிறது. உதவி தேவை

டிராப்_சி:
வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு 100 வாட் ட்யூப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத, வால்வு போட்ட கிட்டார் ஆம்ப்) வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்பில் ஐந்து சின்ன ட்யூப் (12ஏஎக்ஸ்7), ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பக்கம் நான்கு பெரிய ட்யூப் (6எல்6). கூடவே நான்கு 12 இன்ச் ஸ்பீக்கர் உள்ள கேபினெட், நான்குமே வி30 மாடல். இத்தனை வருடம் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்பிலேயே ஓட்டியவன் நான். சேர்த்து வைத்த பணம் மொத்தமும் இதில் இறங்கியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கவலை.

வீட்டில் அடக்கி வைத்து வாசித்தால் பிரமாதம். நல்ல கனம், நல்ல கூர்மை. சனிக்கிழமை ஜாம் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனால் கதையே வேறு. ட்ரம்மர் நாலு எண்ணி ஆரம்பித்த அடுத்த நொடி நான் இல்லை. கம்பி அதிர்வது விரலில் தெரிகிறது, காதுக்கு எதுவும் வரவில்லை. வால்யூமைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடுகிறது. தடித்த கம்பியில் பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கிக்கொண்டு) அடித்தால் 'டக் டக்' என்று வெட்டி விழ வேண்டும். ஈரத் துணியை அடிப்பது போல 'பொத் பொத்' என்கிறது.

செட்டிங்: கெயின் (சவுண்ட் உடைகிற அளவு) 8, பேஸ் 8, மிட் (நடு ஒலி) 2, ட்ரெபிள் 7, பிரசென்ஸ் (பவர் பக்கத்து உச்ச ஒலி) 7, ரெசனன்ஸ் (பவர் பக்கத்துத் தாழ்ந்த ஒலி) 8. ட்யூனிங் டிராப் சி (தடித்த கம்பியை சி வரை இறக்கியது), பிரிட்ஜில் ஹம்பக்கர் பிக்கப். பெடல் என்று ஒரு நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது) மட்டும், கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில்.

இன்னொரு தொல்லை: வால்யூம் 3-ஐத் தாண்டினால் வாசிப்பதை நிறுத்தியதும் 'கீ' என்று ஒரு விசில் கிளம்புகிறது. பவர் ட்யூப் நான்கையும் மாற்றினால் எல்லாம் சரியாகும் என்கிறான் நண்பன். விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மாற்றலாமா?

ஆறாம்கம்பி:
ட்யூபை மாற்றாதீர்கள் ப்ரோ. கெயின் 4, பேஸ் 4, மிட் 6. இதோடு அடுத்த சனிக்கிழமை வாசித்துவிட்டு வந்து சொல்லுங்கள். மிட் 2 என்று பார்த்த இடத்திலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

பழைய_வால்வு:
தம்பி, ஆறாம்கம்பி சொன்னதே சரி. ஏன் என்று புரிந்தால் நாளைக்கு வேறு ஆம்ப் கிடைத்தாலும் நீயே செட் செய்துகொள்வாய், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் வால்யூம். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த ஒலியையும் உச்ச ஒலியையும் சரியாகப் பிடிப்பதில்லை. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். வீட்டில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டைக் குறைத்தால் இனிமையாகக் கேட்பது அதனால்தான், காது விட்டதை நீ நிரப்புகிறாய். ஜாம் ரூம் சத்தத்தில் காதே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். நீ ஏற்றி வைத்தது அதற்கு மேல் உபரி.

அடுத்து இடம். உன் கடைசிக் கம்பி டிராப் சி-யில் 65 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரும் கிக் ட்ரம்மும் குடியிருக்கும் அதே தெரு. மேலே 5000-க்கு அப்பால் ட்ரம்மின் சிம்பல் தட்டு. கிட்டாருக்கென்று மிஞ்சுவது ஏறக்குறைய 400-லிருந்து 3000 வரை. மிட்டை 2-ல் வைத்து உன் வீட்டை நீயே காலி செய்துவிட்டு, அடுத்தவர் வீட்டில் போய்ச் சண்டை போடுகிறாய். அந்தச் சண்டையில் ட்ரம்தான் எப்போதும் ஜெயிக்கும்.

மூன்றாவது, கெயின். கெயின் ஏற ஏற ட்யூப் அலையின் தலையை வெட்டிக்கொண்டே போகும். மீட்டும் பிக் வந்து கம்பியில் படும் அந்த முதல் அடியும் அதன் பின் வரும் நீட்டலும் ஒரே உயரமாகிவிடும். தனியாகக் கேட்டால் அது கனம். பேண்டில் கேட்டால் அது பஞ்சு. ட்ரம் அடிகளுக்கு நடுவே துளைத்துக்கொண்டு வர வேண்டியது அந்த முதல் அடிதான், அதையே நீ இழந்துவிட்டாய். ரெக்கார்டில் கேட்கிற ராட்சசக் கனம் பெரும்பாலும் குறைந்த கெயினில் இரண்டு மூன்று முறை வாசித்து அடுக்கியது, கூடவே பேஸ் கிட்டாரும் ஒட்டியிருக்கும். ஒற்றைக் கிட்டாரில் அதைத் தேடினால் கெயின் ஏறிக்கொண்டேதான் போகும்.

100 வாட் அதிகமோ என்ற பயமும் வேண்டாம். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல்தான்.

ஷ்ரெட்_மதுரை:
பவர் ட்யூபின் பயஸை (வாசிக்காதபோதும் அதில் ஓடும் கரண்டின் அளவை) கொஞ்சம் ஏற்றி விட்டால் சவுண்ட் திறந்துகொள்ளும். கவரைக் கழற்றினால் உள்ளே சின்ன திருகு இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் திருப்பிப் பாருங்கள்.

பழைய_வால்வு:
இதைச் செய்யாதே தம்பி. கையோடு சொல்லிவிடுகிறேன், நாளைக்கு என்று தள்ளிப் போடும் விஷயம் இல்லை. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். நான் வால்வு ரேடியோ பழுது பார்த்துத் தொழில் கற்றவன். சார்ஜை இறக்கி, மீட்டர் வைத்துப் பார்க்காமல் இன்றைக்கும் சேஸிஸுக்குள் கை விட மாட்டேன். பயஸைக் காதால் வைக்க முடியாது, மீட்டரில் அளந்துதான் வைக்க வேண்டும். அதுவும் உன் பிரச்சினை அங்கே இல்லை. இத்தனை மெட்டல் ரெக்கார்டுகளில் ஒலிக்கும் 1992-ன் பீவி 5150 ஆம்பில் பயஸ் மாற்ற திருகே கிடையாது. பயஸைக் குறைவாகவே நிலையாக வைத்து அனுப்பினார்கள், அந்த இறுக்கத்துக்கே அது பெயர் வாங்கியது.

ஷ்ரெட்_மதுரை:
சரி அண்ணா, தெரியாமல் சொல்லிவிட்டேன். நான் வாசிக்கும் ஆம்பில் வெளியிலேயே அளக்கும் வசதி உண்டு, எல்லாவற்றிலும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

டிராப்_சி:
எல்லோருக்கும் நன்றி. போய் வந்தேன். மிட்டை 6-க்கு ஏற்றியதும் வீட்டில் மூக்கால் பாடுவது போல அசிங்கமாக இருந்தது. நம்பிக்கையே இல்லாமல்தான் தூக்கிக்கொண்டு போனேன். முதல் பாட்டிலேயே பேஸிஸ்ட் திரும்பிப் பார்த்தான். கேட்கிறது! ஒவ்வொரு கார்டும் கேட்கிறது.

ஆனால் இரண்டு விஷயம் பாக்கி. பேஸை 3 வரைக்கும் இறக்கிப் பார்த்தேன், சவுண்ட் மெலிகிறதே தவிர பாம் மியூட்டில் அந்தச் சொதசொதப்பு முழுசாகப் போகவில்லை. விசிலும் அப்படியே இருக்கிறது. கேபிள் மாற்றியும் பார்த்தேன். கிட்டார் கேபிள் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று கிட்டாருக்கு, ஒன்று கேபினெட்டுக்கு. மாற்றிப் போட்டால் வித்தியாசம் இல்லை.

ஆறாம்கம்பி:
ஒரு நிமிடம். ஹெட்டிலிருந்து கேபினெட்டுக்குக் கிட்டார் கேபிளா போட்டிருக்கிறீர்கள்? இதைப் படித்ததும் ஆம்பை ஆன் செய்யாதீர்கள். 16 ஓம் கேபினெட் என்றால் 100 வாட்டில் 40 வோல்ட், 2.5 ஆம்பியர் அந்த வயரில் ஓடும். கிட்டார் கேபிளின் நடு வயர் நூல் மாதிரி, சிக்னலுக்கு மட்டும் செய்தது. சூடேறி உள்ளே விட்டுப்போனால் ஆம்புக்கு ஸ்பீக்கரே இல்லாத நிலை. ட்யூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அதன் விலைக்கு முன்னால் நான்கு ட்யூப் ஒன்றுமே இல்லை. பின்கள் ஒரே மாதிரி இருப்பதால் நிறையப் பேர் இப்படிச் செய்துவிடுகிறார்கள். ஸ்பீக்கர் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள், உள்ளே இரண்டு தடித்த வயர் இருக்கும், ஷீல்டு இருக்காது. கேபினெட் எத்தனை ஓம், ஹெட்டின் பின்னால் ஸ்விட்ச் எதில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

டிராப்_சி:
படித்ததும் கை நடுங்கிவிட்டது. கேபினெட்டில் 16 ஓம் என்று ஒட்டியிருக்கிறது, ஸ்விட்சும் 16-ல்தான் இருக்கிறது. கேபிள் இன்றைக்கே வாங்குகிறேன். கோடி நன்றி.

பழைய_வால்வு:
நல்ல வேளை, பிழைத்தாய். ஆறாம்கம்பிக்கு என் நன்றியும்.

இப்போது அந்தச் சொதசொதப்பு. உன் ஆம்ப் வகையில் பேஸ்-மிட்-ட்ரெபிள் நாப்கள் கெயின் நிலைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன. கம்பியின் தாழ்ந்த ஒலி முழுசாக உள்ளே போய், ட்யூபில் முதலில் வெட்டுப்பட்டுக் குழைந்த பிறகுதான் உன் பேஸ் நாப் அதைத் தொடுகிறது. மாவு தண்ணீராகிவிட்ட பிறகு தோசையைக் கல்லில் திருத்துவது போலத்தான். மீசா பூகி கம்பெனியின் மார்க் ஆம்ப் வரிசையில் இது தலைகீழ். அங்கே நாப்கள் லீட் கெயினுக்கு முன்னால் இருப்பதால், பேஸை 2-ல் வைத்து, பின்னால் உள்ள கிராஃபிக் ஈக்யூவில் கனத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

உனக்குத் தேவை ஆம்புக்கு முன்னால் பேஸைக் குறைக்கும் ஏதாவது ஒன்று. ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல் எதுவானாலும் போதும். டிரைவ் பூஜ்யம், லெவல் முழுக்க, டோன் நடுவில். அந்தச் சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாக இறக்கிக்கொண்டே போகும். தாழ்ந்த கம்பி ட்யூபுக்குப் போகும்போதே மெலிந்து போகும், வெளியே வரும்போது இறுக்கமாக வரும். குறைந்த கனத்தை ரெசனன்ஸில் கொஞ்சம் கொடுத்துக்கொள். அது பவர் பக்கத்து நாப், குழைக்காது. பெடல் போட்டதும் கெயினை இன்னும் ஒரு புள்ளி இறக்கு.

விசிலுக்குக் கிட்டார் கேபிளை ஆம்பிலிருந்து உருவிவிடு. அப்புறமும் விசில் வந்தால் பிக்கப் மேல் குற்றமில்லை, ப்ரீஆம்ப் ட்யூப் ஒன்று மைக் மாதிரி வேலை செய்கிறது. வால்யூமைக் குறைவாக வைத்து, கெயின் சேனலில், பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு சின்ன ட்யூபையும் மெல்லத் தட்டு. எல்லாமே கொஞ்சம் 'டொக்' என்னும். ஒன்று மட்டும் மணி மாதிரி ரீங்கரிக்கும். இன்புட்டுக்குப் பக்கத்தில் உள்ளது மேல்தான் எனக்குச் சந்தேகம். அணைத்து, ஆறவிட்டு, நேராக மேலே உருவு. ஒன்பது பின், வளைத்துவிடாதே. ப்ரீஆம்ப் ட்யூபுக்கு பயஸ் வைக்கும் வேலை இல்லை, நீயே மாற்றலாம்.

ஆறாம்கம்பி:
கேட் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் இருக்கும் கேட் கிட்டாரின் இரைச்சலை மட்டும்தான் பிடிக்கும். ஆம்பின் சொந்த 'ஸ்ஸ்' வேண்டாமென்றால் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ப்ரீஆம்புக்கும் பவர் பக்கத்துக்கும் நடுவில் உள்ள இணைப்பில்) போட வேண்டும். லூப்புக்கு என்று தனி வழி உள்ள கேட் என்றால் நாலு கேபிள் போட்டு இரண்டையும் சேர்த்தே பிடிக்கலாம்.

இன்னொன்று, ஜாம் ரூமில் எங்கே நின்று கேட்கிறீர்கள்? கேபினெட் உங்கள் முழங்காலுக்கு வாசிக்கிறது, காதுக்கு இல்லை.

டிராப்_சி:
நேற்று போய் வந்தேன், முழுசாகச் சொல்கிறேன்.

ஸ்பீக்கர் கேபிள் மாற்றியாயிற்று. பென்சிலால் தட்டினேன். மற்ற நான்கும் 'டொக்', முதல் ட்யூபில் 'டிங்ங்ங்' என்று ஸ்பீக்கர் வழியாக அறை முழுக்க ஒலித்தது. அதன் தகரக் கவசத்தை அழுத்தித் திருப்பிக் கழற்றி, புதிது ஒன்று போட்டேன். விசில் போயே போய்விட்டது. ஒரே ஒரு ட்யூப்!

அப்புறம் நண்பன் கையில் கிட்டாரைக் கொடுத்து அதே ரிஃபை வாசிக்கச் சொல்லிவிட்டு, கேபினெட்டுக்கு நேரே தரையில் உட்கார்ந்து காதை ஸ்பீக்கர் உயரத்துக்குக் கொண்டுபோனேன். ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. நின்றுகொண்டு கேட்டபோது குறைவாகத் தெரிந்த உச்சத்தை எல்லாம் ட்ரெபிளில் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். எதிரே இருந்தவர்கள் இத்தனை நாள் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். இப்போது கேபினெட்டை ஒரு பெட்டி மேல் ஏற்றி வைத்திருக்கிறேன்.

இப்போதைய செட்டிங்: முன்னால் இரவல் வாங்கிய ஸ்க்ரீமர், டிரைவ் 0. கெயின் 3.5, பேஸ் 4, மிட் 6.5, ட்ரெபிள் 5, பிரசென்ஸ் 4, ரெசனன்ஸ் 5. பாம் மியூட் கதவைச் சாத்துவது போல வந்து நிற்கிறது. கெயின் இறங்கியதில் என் வலது கை எவ்வளவு சோம்பலாக இருந்தது என்பதும் தெரிந்தது, இப்போது நன்றாக அடித்தால்தான் சவுண்ட் வருகிறது.

கழற்றிய அந்த ட்யூபை என்ன செய்வது அண்ணா? தூக்கிப் போட்டுவிடவா?

பழைய_வால்வு:
போடாதே. அதை, பவர் ட்யூப்களுக்கு சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர் இடத்தில் செருகி, அங்கே இருப்பதை உபரியாக எடுத்து வை. அதுவும் 12ஏஎக்ஸ்7தான், பவர் ட்யூபுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த இடத்துக்குப் பின்னால் கெயின் அதிகம் இல்லை, ரீங்காரம் கேட்காது. அடுத்த ஷோவுக்குப் போகும்போது பையில் ஒரு நல்ல ட்யூப் இருக்கும்.