வேலூர் வெயிலுக்கும் வோல்டேஜுக்கும் தாங்குற பட்ஜெட் கேமிங் பிசி: பாகம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

காட்பாடி உறுப்பினர்:
எல்லாரும் கிராபிக்ஸ் கார்டுல ஆரம்பிச்சு, மிச்சமிருக்கிற காசுக்கு ஒரு எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி) போடறாங்க. கரண்ட் போய் வரும்போது வோல்டேஜ் குதிக்கிற நம்ம ஊருக்கு அது சரிப்படாது. நல்ல கம்பெனி 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காதுன்னு சொல்ற சான்று) எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முதல்ல பணத்தை ஒதுக்குங்க. கேபினட்டோட இலவசமா வர்றதை நம்பாதீங்க. ஸ்டிக்கர்ல 450 வாட்னு பெருசா போட்டிருக்கும். பக்கத்துல 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்க. அங்க 18 ஆம்பியர்னு இருந்தா கிடைக்கிறது 216 வாட்தான். பிராசசரும் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்லதான் ஓடுது.

அதுக்கப்புறம் 1080பி (ஃபுல் எச்டி) ஆட்டத்துக்கு ரைசன் 5 5600 பிராசசர், ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கார்டு, 8 ஜிபி ரேம் ரெண்டு. கார்டு 132 வாட், பிராசசர் 65 வாட் ரகம்.

சத்துவாச்சாரி உறுப்பினர்:
ஜோடி சரிதான் அண்ணா. ஆனா பழைய ஸ்டாக் பி450 மதர்போர்டுன்னா, 5600-ஐ ஏத்துக்கிற மாதிரி பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கிற ஸ்டார்ட்டிங் சாஃப்ட்வேர்) அப்டேட் ஆகியிருக்கான்னு கேட்டு வாங்கணும். இல்லேன்னா ஃபேன் சுத்தும், திரையில ஒண்ணும் வராது. போர்டு போச்சுன்னு நினைச்சுத் திருப்பிக் கொடுக்கறாங்க. 5600-ல உள் கிராபிக்ஸ் கிடையாது, மானிட்டர் வயரைக் கார்டுலதான் சொருகணும். நாலு ஸ்லாட் போர்டுன்னா ரேமை பிராசசர்லேருந்து எண்ணி 2, 4-ல போடுங்க. பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேமை முழு வேகத்துல ஓட்டற செட்டிங்) ஆன் பண்ணலேன்னா 3200 ரேம் 2133 இல்லே 2400-லயே ஓடிக்கிட்டிருக்கும்.

விலை குறைவுன்னு 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு வாங்கி பி450-ல போடாதீங்க. அந்தக் கார்டுக்கு நாலே லேன் (டேட்டா போற பாதை). அந்தப் போர்டுல கார்டு ஸ்லாட் பழைய, வேகம் குறைஞ்ச மூணாம் தலைமுறை, அதனால கார்டோட மெமரி நிரம்பினதும் திணறும்.

குடியாத்தம் உறுப்பினர்:
எர்த்தை யாருமே சொல்லலையே! பழைய வீடுகள்ல மூணு பின் சாக்கெட் இருக்கும், பின்னாடி எர்த் வயர் இருக்காது. கேபினட் இரும்பைத் தொட்டா சுருக்னு இருக்கும். எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போகலை; அதுக்குள்ள இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர் வழியா, எர்த் இல்லாத பாடிக்குப் பாதி வோல்டேஜ், சுமார் 115 வோல்ட், ஏறி நிக்கும். கரண்ட் ரொம்பக் குறைச்சல்தான், ஆனாலும் அப்படியே விடக்கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்க: ஃபேஸ்-எர்த் அளவு ஃபேஸ்-நியூட்ரல் அளவுக்குக் கிட்டத்தட்ட வரணும், நியூட்ரல்-எர்த் ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். சாக்கெட்டுக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடற குறுக்குவழிக்கு ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க. நியூட்ரல் எங்கயாவது அறுந்தா கேபினட்ல முழு 230 நிக்கும், உயிருக்கே ஆபத்து.

காட்பாடி உறுப்பினர்:
ரொம்பச் சரி. வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டறவங்க அது சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரியே சீரா கொடுக்கிறது) தானான்னு பாருங்க. ஸ்கொயர் வேவ்ல நல்ல எஸ்எம்பிஎஸ்தான் அதிகமா இரைச்சல் போடும், இல்லே கரண்ட் மாறுற நொடியில ரீஸ்டார்ட் ஆகும். யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தா அதுலயே வைங்க. தனி யுபிஎஸ்னா 600 விஏ-ல 360 வாட்தான் போட்டிருப்பான். ஆட்டத்தை சேவ் பண்ணி ஆஃப் பண்றதுக்கு மட்டும்தான் அது.

ராணிப்பேட்டை உறுப்பினர்:
சென்னை ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்ட் கார்டு பார்க்கிறவங்க, அரை மணி நேரம் லோடு கொடுத்து ஹாட்ஸ்பாட்டை (சிப்ல அதிகமா சூடாகிற இடத்தோட வெப்பநிலை) பாருங்க. சாதா வெப்பநிலையைவிட 25 டிகிரிக்கு மேல தள்ளி நின்னா சிப் சூட்டைக் கூலருக்குக் கடத்தற பேஸ்ட் காய்ஞ்சிருக்கும், விலையைக் குறைச்சுக் கேளுங்க. புதுசுன்னா ஜிஎஸ்டி பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க. கேபினட் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், மெஷ்தான். முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ளே, பின்னாடி ஒண்ணு வெளியே. தூசி ஃபில்டரைக் கோடையில பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் கழுவி, ஈரம் காய்ஞ்சதும் மாட்டுங்க.