முட்டி ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு: மடக்குவதை விட நீட்டுவதுதான் பெரும்பாடு

ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் முன் ஜவ்வு) ஆபரேஷன் ஆனவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எவ்வளவு மடக்க முடியுது?" என் பிசியோ மட்டும் அதைக் கேட்கவே இல்லை. முதல் நாள் காலை நீட்டிப் படுக்கச் சொன்னார், முட்டிக்கு அடியில் தன் கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போய்விட்டது. "இந்த இடைவெளி மறையணும் சார். மடக்குறதைப் பொறுமையா கொண்டுவந்துடலாம், நீட்டுறதை இப்ப விட்டா பின்னாடி பிடிக்கிறது கஷ்டம்" என்றார்.

குதிகாலுக்கு மட்டும் சுருட்டிய துண்டு வைத்து, முட்டியை அந்தரத்தில் விட்டுவிட வேண்டும். அதன் எடையிலேயே அது மெல்லக் கீழே இறங்கும். வலி என்று சொல்ல முடியாது, பின்பக்கம் பிடித்து இழுக்கிற ஒரு நச்சரிப்பு. வீட்டில் பாசத்தோடு முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள், சுகமாகவும் இருக்கும். அதைத்தான் வைக்கவே கூடாது. கால் முழுதாக நீளாமலே நாள் போனால் நடை கெடும், முட்டிச்சில்லின் பக்கம் வலி வரும். சிலருக்கு மூட்டின் முன்புறம் தழும்புத் திசு முடிச்சுப் போல வளர்ந்து நீட்ட விடாமல் தடுக்கும், அதை எடுக்க மறுபடியும் ஆபரேஷன் வரை போகும்.

இன்னொன்று என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. காலைத் தூக்குங்கள் என்றார். தூக்க வரவில்லை. வலியே இல்லை, ஆனாலும் தொடை யாருடையதோ போலக் கிடக்கிறது! முட்டிக்குள் வீக்கம் இருக்கும்வரை முன்தொடைத் தசைக்குப் போகிற உத்தரவை நரம்பே குறைத்துவிடுமாம். அதனால்தான் ஐஸ் வைப்பதையும் காலை உயர்த்தி வைப்பதையும் பிசியோக்கள் அவ்வளவு வற்புறுத்துகிறார்கள். எனக்குத் தொடையில் கரன்ட் பேடு ஒட்டி, அது துடிக்கும்போதே நானும் சேர்ந்து இறுக்கப் பழக்கினார். என் விரலையே முட்டிச்சில்லின் மேல் வைத்து, "மேலே நகருதா பாருங்க" என்பார். ரொம்ப நாள் அசையவில்லை. அப்புறம் ஒருநாள் ஒரு நூல் அளவு நகர்ந்தது. ஊன்றுகோலை விட்டு நடந்த நாளைக் காட்டிலும் எனக்கு அதுதான் பெரிய நாள்.

———

நானும் இதே ஆபரேஷன் ஆனவன்தான். எனக்குப் பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்து, அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக வைத்தார்கள். முட்டியை விட எடுத்த இடம்தான் படுத்தி எடுத்தது. ஷூ கழற்றக் குதிகாலைத் தரையில் தேய்த்தாலே சுளீரென்று இழுக்கும்.

தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்துப் போயிருந்தால் பதற வேண்டாம். அந்த வழியாகப் போகும் சின்ன நரம்புக் கிளை அடிபடுவதால் பலருக்கும் வருவதுதான். எனக்கு அந்த இடம் சுருங்கிக்கொண்டே வந்தது, கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஊன்றுகோலோடு படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். இதைக் குழப்பிக்கொள்ளாதவரை படி பெரிய விஷயமே இல்லை.

———

எனக்கும் இந்த ஆபரேஷன் ஆனதுதான். உங்கள் இருவருக்கும் அடுத்து நான் சொல்ல வருவது கடைசிக் கட்டத்தைப் பற்றி. வலி போய், வீக்கம் வடிந்து, நடை சரியான பிறகு பிசியோவுக்குப் போவதே வீண் என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். உள்ளே வைத்த கிராஃப்ட், அதாவது ஜவ்வுக்குப் பதிலாக வைத்த தசைநாண், முதல் சில மாதங்களில் தன் பழைய வலுவை இழந்து, பிறகுதான் மெதுவாக ஜவ்வாக மாறுகிறது. முட்டி நன்றாக இருப்பதாக நாம் நினைக்கிற சமயத்தில் அது ரொம்ப பலவீனமாக இருக்கலாம். கூட விளையாடுகிறவர்கள் "நல்லாத்தானே நடக்கிற, வா" என்பார்கள். அவர்களுக்கு என்ன!

2016இல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாகக் கண்டார்கள். நாள் கணக்கு மட்டும் போதாது, பரீட்சையும் உண்டு. ஒற்றைக்காலில் தாவும் தூரமும் தொடை வலுவும் மற்றக் காலில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பார்கள். இதில் ஒரு சூட்சுமம்: இத்தனை மாத ஓய்வில் நல்ல காலும் இளைத்திருக்கும், அதோடு ஒப்பிட்டால் மதிப்பெண் தாராளமாகத்தான் விழும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே நல்ல காலின் அளவை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

———

முதலில் எழுதியவன்தான். ஒன்று விட்டுப்போனது. ஆரம்ப வாரங்களில் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் அது பயிற்சியின் வலி என்று விட்டுவிடாதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.