மோனசைட் சுரங்கத்துக்குக் கருத்துக்கேட்பு இனி நடக்குமா?

மிடாலம் வாசகர்:
கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் (தோரியம் கொண்ட அணுக்கனிமம்) உள்ளிட்ட கனிம மணலை எடுக்கும் திட்டத்துக்காக 2024இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் ஒத்திவைக்கப்பட்ட மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இனி நடைபெறுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தக்கலை வழக்கறிஞர்:
ஐயா, ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 8-9-2025 அன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை, 1957ஆம் ஆண்டின் கனிமங்கள் சட்டத்தில் முதல் அட்டவணையின் 'பி' பகுதியிலுள்ள அணுக்கனிமங்களுக்கும், 2023ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 'டி' பகுதியிலுள்ள முக்கிய, உத்திசார் கனிமங்களுக்கும் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. குத்தகைப் பரப்பு எவ்வளவு சிறிதாயினும் மதிப்பீடு ஒன்றிய அளவிலேயே நடைபெறும். மோனசைட் 'பி' பகுதியில் வருவதால் கூட்டம் இனிக் கட்டாயமில்லை. ஆயினும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் நிபுணர் குழுவின் ஆய்வும் நீக்கப்படவில்லை.

குளச்சல் வாசகர்:
2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நாட்டின் பாதுகாப்பு, உத்திசார் திட்டங்களுக்குத் தந்த விலக்கைக் கடற்கரை ஊர்களின் மணலுக்கும் நீட்டியிருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கரையில் வாழ்பவர்களைக் கேளாமல் கரையைத் தோண்டுவது எவ்வாறு முறையாகும்? இக்குறிப்பாணையைத் திரும்பப் பெறக் கோரி, 2025இல் தமிழ்நாடு முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

மிடாலம் வாசகர்:
இருவருக்கும் நன்றி. திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் எங்களுக்கு வேறு வழி உண்டா?

தக்கலை வழக்கறிஞர்:
உண்டு. அனுமதி ஆணையை எதிர்த்து 30 நாட்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கும், அதற்குப் பிறகு இயலாது.