மறுமொழி: காட்டுத் தரையில் கிடப்பது குப்பையா, சருகா, செத்தையா?

அனைவருக்கும் வணக்கம்.

மரத்திலிருந்து உதிர்ந்து காட்டுத் தரையில் கிடக்கும் இலை, சுள்ளி எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் "லிட்டர்" (litter) என்கிறார்களே, அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்று கேட்ட இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடலூரில் விடாத மழை, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை. நான் ஆராய்ச்சியாளன் இல்லை, கோயில் காடுகளில் அளவெடுக்கப் போகிற பிள்ளைகளுக்குக் களக் கையேட்டைத் தமிழில் எழுதித் தருகிறேன், அவ்வளவுதான். இந்தச் சொல் இல்லாமல் அந்தக் கையேட்டில் ஒரு பக்கம்கூட நகராது. போன மாதம் ஒரு பையனின் பதிவேட்டில் "லிட்டர் 340 கிராம்" என்று இருந்ததைப் பார்த்துவிட்டு அவன் அம்மா, லிட்டர் எப்படிடா கிராமில் வரும் என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. ஆகவே ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை விட்டுவிடுவோம்.

> காட்டுக் குப்பை என்றே எழுதலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் என்னவென்று புரியும்? ஒரு காலத்தில் குப்பை என்றால் எரு. கொல்லைக்குக் குப்பை அடிப்பது என்று எங்கள் பக்கம் இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அது நகராட்சி வண்டியில் போடுவது. குப்பை என்று கையேட்டில் அச்சடித்தால், திருவிழாவுக்கு முன்னால் காட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று விளக்குமாற்றோடு வந்து கூட்டிக் கொளுத்துகிறவர்களுக்கு நாமே அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஐயனார் கோயிலைச் சுற்றி காயாவும் வீரையும் பாலையும் நின்ற காட்டின் அடியில் தரை வழவழவென்று வீட்டு வாசல் மாதிரி இருந்தது, ஒரு நாற்றுகூட இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பதும், மழைத்துளி நேராக மண்ணில் அறையாமல் காப்பதும், மரம் எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதும் அந்தப் படுக்கைதான்.

படுக்கை என்று சும்மா சொல்லவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்கே முதலில் படுக்கை என்றுதான் பொருள், அப்புறம் மாட்டுக்கு அடியில் பரப்புகிற வைக்கோல், குப்பை என்ற பொருள் பின்னால் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது உடனே தெரியும், அவர்கள் காட்டுத் தரையில் கிடப்பதையும் தொழுவத்தில் பரப்புவதையும் "லித்தியேர்" என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறார்கள், அதற்குள் இருக்கும் "லி" என்றால் கட்டில், படுக்கை.

> சருகு இருக்கும்போது வேறு சொல் எதற்கு?

எனக்கும் முதலில் சருகுதான் பிடித்திருந்தது. ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் நைலான் வலையை நாலு குச்சியில் இடுப்புயரத்துக்குத் தொட்டில் மாதிரிக் கட்டிவிட்டு, மாதம் ஒருமுறை விழுந்ததை அள்ளிவந்து, காயவைத்து, பிரித்து எடை போடுகிறோம். இலை ஒரு குவியல், சுள்ளியும் பட்டையும் ஒரு குவியல், பூவும் காயும் ஒரு குவியல், கடைசியில் எதிலும் சேராத தூள், அதில் புழுவின் எச்சம்கூட இருக்கும். இத்தனையையும் சருகு என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று, தானே புயல். 2011 டிசம்பர் 30 விடியலில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறோம். நின்ற மரங்களும் பச்சை இலையாகக் கொட்டித் தீர்த்தன. மரம் ஓர் இலையைத் தானாக உதிர்க்கும் முன் அதிலிருக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால்தான் இலை பழுக்கிறது. புயல் பிய்த்துப் போட்ட இலையில் அந்தச் சத்து அப்படியே இருக்கும், மண்ணில் அது நடந்துகொள்கிற விதமே வேறு. அந்தப் பச்சை இலையைச் சருகு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

என் முன்மொழிவு செத்தை. இலை, தழை, சுள்ளி, மிளாறு, பட்டை எல்லாம் கலந்து கிடப்பதை எங்கள் ஊரில் செத்தை என்றுதான் சொல்கிறோம், அடுப்புக்குச் செத்தை கூட்டிவா என்று அம்மா அனுப்பினால் முந்திரிக் கொல்லையில் எதையும் பிரித்துப் பார்க்காமல் சாக்கில் அள்ளித் திணிப்போம், அந்தக் கலவைதான் நமக்கு வேண்டியது. பச்சையாக விழுந்ததும் நாலு நாளில் அதில் சேர்ந்துவிடும்.

> யாழ்ப்பாணத்தில் செத்தை என்றால் கிடுகு (முடைந்த தென்னோலை) கட்டின மறைப்பு.

உண்மைதான் அக்கா, எனக்கும் அது தெரியும். ஆனால் காட்டைப் பற்றிய வாக்கியத்தில் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன், வராது என்று உங்களுக்கும் தோன்றினால் சொல்லுங்கள், தோன்றாவிட்டால் அதையும் சொல்லுங்கள்.

செத்தை என்று வைத்தால் மற்றவை தானாக வருகின்றன. விழுவது செத்தை உதிர்வு, கிடப்பது தரைச்செத்தை, தொட்டில் செத்தை வலை, எடை தெரிந்த இலையைப் போட்டு மக்க வைக்கும் நைலான் பை செத்தைப் பை. உதிர்வும் தரைச்செத்தையும் தனித்தனிச் சொல்லாக இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஒரு வருஷத்து உதிர்வைத் தரைச்செத்தையால் வகுத்தால்தான் மக்கும் வேகம் கிடைக்கிறது, 1963-இல் சூழலியலாளர் ஓல்சன் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றுவரை புழங்கும் கணக்கு அது. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்கும் இதே சொற்கள் ஒத்துவரும். அங்கே சுரபுன்னை இலை விழுந்தால் பாதியை நண்டு வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும், பாதியை வற்றுநீர் கொண்டுபோகும், தரைச்செத்தை சன்னமாகத்தான் இருக்கும். சவுக்குத் தோப்பிலோ கால் புதையும்.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். செத்தையை மேலிருந்து விலக்கினால் முழு இலை, அடியில் கறுப்பாக மக்கு, இரண்டுக்கும் பெயர் உண்டு. நடுவில் ஒரு அடுக்கு இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் இலையின் நரம்பு மட்டும் சல்லடை மாதிரி நிற்கும், வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கும், மரவட்டை சுருண்டு கிடக்கும், விரலில் ஈரமாக ஒட்டும். அதற்கு அரைமக்கு என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் எருக்குழியில் அந்தப் பதத்துக்கு வந்ததை என்ன சொல்வார்கள்? மாசி முடிவதற்குள் கையேடு அச்சுக்குப் போகணும், அதற்குள் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கடலூரிலிருந்து