மோய்னிஹன் அறிக்கையின் காற்பங்கும் கறுப்பினப் பெண்கள் மீது விழுந்த பழியும்

வடகரைக்காரி:
நேற்று ஒரு நண்பர் அனுப்பிய கட்டுரையைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்கக் கறுப்பினத்தவர் பின்தங்கியதற்கு வெள்ளையர் காரணமல்லர், தங்கள் வீடுகளில் பெண்களை அதிகாரம் செய்ய விட்டதே காரணம் என்றும், அதை அமெரிக்க அரசே 1965-இல் ஒப்புக்கொண்டுவிட்டது என்றும் அதை எழுதியவர் தீர்ப்புச் சொல்கிறார். அவர் காட்டும் ஒரே சான்று, தொழிலாளர் துறையில் உதவிச் செயலாளராக இருந்த டேனியல் பேட்ரிக் மோய்னிஹன் அந்த ஆண்டு மார்ச்சில் எழுதிய அறிக்கை. கறுப்பினக் குடும்பங்களில் ஏறத்தாழக் காற்பங்கு பெண்களின் தலைமையில் இருக்கின்றன என்று அதில் வருகிறது. காற்பங்கு போனால் மிச்சம் முக்காற்பங்கு என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க, ஓர் இனத்தின் குடும்ப அமைப்பையே தாயாட்சி என்று எப்படி எழுதினார்கள்?

கணக்குப்பிள்ளை:
அந்தக் கட்டுரை எனக்கும் உவப்பானதல்ல. ஆனால் எண்ணைத் தனியாகப் பிடுங்கி வைத்துக்கொண்டு அழுவது முறையல்ல. அதே அறிக்கையில் வெள்ளையர் குடும்பங்களில் பெண் தலைமை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று இருக்கிறது. ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். மோய்னிஹன் அடிமை முறையையும் ஆண்களின் வேலையின்மையையும்தான் வேர் என்று காட்டினார் என்பதை அம்மையார் வசதியாக விட்டுவிட்டார். சென்ற மாதம் விழுக்காட்டையும் விழுக்காட்டுப் புள்ளியையும் குழப்பிக்கொண்டு என்னோடு மூன்று நாள் வாதாடியவர் இவர் என்பதை மற்றவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

ஆறாம்விரல்:
இருவருக்கும் ஒரு கேள்வி. "தலைமை" என்று எதைச் சொல்கிறீர்கள்? வீட்டில் ஆண் இல்லாததையா, பெண்ணிடம் அதிகாரம் இருப்பதையா? இரண்டும் ஒன்றல்லவே. தலைப்பில் "கறுப்பின" என்று எழுதியது சரி. இங்கே பலர் "கருப்பின" என்றே எழுதுகிறார்கள். கருப்பு என்றால் பஞ்சம் என்றும் ஒரு பொருள் உண்டு.

வடகரைக்காரி:
குழப்பியது நானா நீங்களா என்பது அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையின்மையைச் சொன்னார் என்கிறீர்கள். சொன்ன கையோடு என்ன மருந்து எழுதினார்? கறுப்பின இளைஞர்களுக்கு இராணுவம் நல்லது, அது பெண்களிடமிருந்து விலகிய உலகம், ஐயத்துக்கு இடமில்லாத அதிகாரம் கொண்ட ஆண்கள் நடத்தும் உலகம் என்ற பொருளில் எழுதினார். அந்த மார்ச் மாதத்தில்தான் அமெரிக்கக் கடற்படைப் பிரிவினர் வியட்நாமின் தா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். தாயிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றி அங்கே அனுப்பலாம் என்பது எவ்வளவு பெரிய கருணை! இத்தனைக்கும் மோய்னிஹனே தந்தை விட்டுச் சென்ற வீட்டில் தாயால் வளர்க்கப்பட்டவர். அவர் செனட்டர் ஆனார். அவருடைய தாயை யாரும் நோய் என்று எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை:
தனிமனிதரின் குடும்பத்தை இழுப்பது தரம் தாழ்ந்த வாதம். எண்ணுக்கு வாருங்கள். காற்பங்கு உண்மையா, இல்லையா?

வடகரைக்காரி:
கறுப்பினப் பெண்களின் குடும்பத்தை நாடே இழுத்தபோது தாழாத தரம், ஒரு செனட்டரின் குடும்பத்தைச் சொன்னதும் தாழ்ந்துவிட்டது. எண்ணுக்கே வருகிறேன். அந்தக் காற்பங்கு வீடுகளில் ஆண் ஏன் இல்லை என்று பாருங்கள். அலபாமா மாநிலம் செல்மாவில் திருமதி ஸ்மித் என்ற கறுப்பினப் பெண் நான்கு பிள்ளைகளோடு வாழ்ந்தார். விடிவதற்கு முன் மூன்றரை மணிக்குச் சமையலும் பரிமாறலுமாக வேலையைத் தொடங்கி நண்பகல் வரை நின்றால், வாரத்துக்குப் பதினாறிலிருந்து இருபது டாலர் கிடைக்கும். பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த அரசு உதவித்தொகையை 1966 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். காரணம், வார இறுதியில் ஓர் ஆண் அவரைப் பார்க்க வருகிறாராம். ஆகவே அவர்தான் பிள்ளைகளுக்கு "மாற்றுத் தந்தை"யாம். அந்த மனிதருக்குச் சொந்தமாக ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். இந்த விதியால் மூன்று ஆண்டுகளுக்குள் அலபாமாவில் உதவி பெற்ற பிள்ளைகளில் சுமார் 16,000 பேர் குறைந்தார்கள். 1968-இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அந்த விதியைச் செல்லாது என்றது. அதுவரை இரவில் வந்து கதவைத் தட்டி, கட்டிலுக்கடியில் ஆண் செருப்பு கிடக்கிறதா என்று தேடும் அதிகாரிகள் பல ஊர்களில் இருந்தார்கள். ஆண் வந்தால் பிள்ளைக்குச் சோறில்லை என்று விதி போடுவீர்கள். பிறகு வீட்டில் ஆண் இல்லை, பெண் ஆள்கிறாள் என்று அறிக்கையும் எழுதுவீர்கள்.

கணக்குப்பிள்ளை:
உணர்ச்சிகரமாக இருக்கிறது, காலவரிசைதான் இடிக்கிறது. அலபாமா விதி 1964-இல் வந்தது. அறிக்கை எடுத்துக்கொண்டது அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்களை. பின்னால் வந்த விதி முன்னால் இருந்த காற்பங்குக்குக் காரணமாக முடியாது.

வடகரைக்காரி:
அலபாமாதான் முதல் மாநிலம் என்று நான் சொல்லவில்லை. 1960-இலேயே லூசியானா, "தகுந்த இல்லம்" இல்லை என்று சொல்லி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உதவியை வெட்டியது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். இன்னும் பின்னால் போகலாம். 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் காப்பீட்டிலிருந்து வயல் வேலையையும் வீட்டு வேலையையும் விலக்கியது. தென்மாநிலக் கறுப்பின ஆண் வயலில் இருந்தான், பெண் அடுத்தவர் அடுப்படியில் இருந்தாள். இனத்தின் பெயரை எழுதாமலேயே இருவரையும் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
1964 இடித்தது, 1960-க்குப் போனீர்கள், இப்போது 1935. அடுத்து ஆதாம் ஏவாளா?

வடகரைக்காரி:
ஆதாம் ஏவாள் வேண்டாம், 1662 போதும். அந்த ஆண்டில் வர்ஜீனியா, பிறக்கும் பிள்ளை அடிமையா சுதந்திரமானதா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்று சட்டம் இயற்றியது. இங்கிலாந்துச் சட்டத்தில் பிள்ளைக்குத் தந்தையின் வழி. கறுப்பினப் பெண்ணின் வயிற்றில் பிறந்தால் மட்டும் தாயின் வழி. ஏன் என்று யோசித்தீர்களா? எசமானனே தந்தையாக இருந்தாலும் பிள்ளை அவன் மகன் ஆகாது, அவன் சொத்தாகும். பண்ணைக்கு ஆள் பெருகும், மரபுரிமைக்குப் பங்கு கேட்க ஆள் இராது. தந்தை என்ற இடத்தை அடித்து அழித்தது சட்டம். முந்நூறு ஆண்டு கழித்து அந்த வெற்றிடத்தைக் காட்டி, இது தாயாட்சி என்று பெயர் வைத்தது அரசு. தாய்க்கு அதில் என்ன ஆட்சி இருந்தது? பெற்ற பிள்ளையை ஏலத்தில் ஏற்றும்போது தடுக்க முடிந்ததா?

அட்லாண்டாவாசி:
பதினோரு ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் எண்பதை நெருங்கும் ஒரு கறுப்பினப் பாட்டி இருக்கிறார். அவருடைய தாய் வெள்ளையர் வீட்டில் சமையல் செய்தவர். அவர்கள் சாப்பிட்டது போக மிஞ்சியதை ஒரு தட்டில் வைத்துத் துணியால் மூடிக் கொண்டுவருவாராம். அந்தத் தட்டையும் கூலியில் ஒரு பகுதியாகவே எசமானி கணக்கில் வைத்திருந்தாராம். தாய் வரும்வரை தம்பி தங்கைகளுக்குத் தலைசீவிவிட்டு, அடுப்பை மூட்டி வைத்திருந்தது எட்டு வயதான இந்தப் பாட்டி. இந்த விவாதத்தைப் பற்றிச் சொன்னேன். "எங்கள் வீட்டில் யாருக்கும் தலைமை தாங்க நேரம் இருந்ததில்லை" என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டைத் தேடப் போய்விட்டார்.

கணக்குப்பிள்ளை:
பக்கத்து வீட்டுப் பாட்டியை மதிக்கிறேன். ஆனால் ஒரு பாட்டி புள்ளிவிவரம் ஆகமாட்டார்.

அட்லாண்டாவாசி:
புள்ளிவிவரம் என்று நான் எங்கே சொன்னேன்? உங்களுக்கு எதுவுமே மனிதராகத் தெரிவதில்லை. வேலைவாய்ப்புப் பற்றிய இழையிலும் நீங்கள் இப்படித்தான் பேசினீர்கள்.

ஆறாம்விரல்:
என் கேள்வி அங்கேயே கிடக்கிறது. தலைமை என்றால் என்ன?

வடகரைக்காரி:
கணக்குப்பிள்ளைக்குப் பாட்டி வேண்டாமென்றால் பதிவேடு தருகிறேன். அடிமை முறைதான் குடும்பத்தை அழித்தது, அதனால்தான் இன்றைய சீரழிவு என்ற கதையையும் நான் ஏற்கவில்லை. ஹெர்பர்ட் கட்மன் என்ற வரலாற்றாசிரியர் பண்ணைப் பதிவுகளையும் விடுதலைக்குப் பிந்தைய ஆவணங்களையும் புரட்டி 1976-இல் பெரிய நூலாகவே எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவை தாயும் தந்தையும் சேர்ந்திருந்தவை என்று அவர் காட்டினார். அவர் எடுத்துக்காட்டும் ஒரு செய்தி என் நினைவை விட்டுப் போவதில்லை. 1866-இல் வட கரோலினாவில், அடிமைகளாக இருந்தபோதே சேர்ந்து வாழ்ந்தவர்கள் எழுத்தரிடம் போய்த் தங்கள் மணத்தைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. கட்டணம் 25 சென்ட், அதாவது கால் டாலர். கையில் காசு புழங்காத காலத்தில், எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தோம் என்று சொல்லி எழுதிக்கொள்ள ஆயிரக்கணக்கான இணைகள் வந்து நின்றார்கள். உங்கள் காற்பங்கைவிட இந்தக் கால் டாலர் எனக்குப் பெரிது.

கணக்குப்பிள்ளை:
நல்ல சிலேடை, பட்டிமன்றத்தில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நீங்களே உங்கள் வாதத்தை வெட்டிவிட்டீர்கள். 1662-இல் தந்தையின் இடம் அழிந்தது என்றீர்கள். இப்போது இருபதாம் நூற்றாண்டு வரை குடும்பம் உறுதியாக இருந்தது என்கிறீர்கள். எது சரி?

வடகரைக்காரி:
இரண்டும் சரி. சட்டம் தந்தையை அழித்தது. மக்கள் அந்தச் சட்டத்தை மீறித் தந்தையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். சட்டமும் வாழ்க்கையும் வேறு வேறு என்பது கணக்கேட்டில் வராது.

கணக்குப்பிள்ளை:
வராததை எல்லாம் நான் ஏற்க வேண்டியதில்லை. காற்பங்கு என்று எழுதினார், காற்பங்கு இருந்தது. காலையில் எனக்கு வேலை இருக்கிறது.

வடகரைக்காரி:
முக்காற்பங்கு என்று ஒருமுறை எழுதிவிட்டுப் போங்கள்.

ஆறாம்விரல்:
"தாயாட்சி" என்பதை முதலில் யார் சொல்லாக்கம் செய்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.